சேலத்தில் பிட்காயின் நோடு: பழைய லேப்டாப் போதுமா, முதல் டிரான்சாக்ஷனை எப்படி அனுப்புவது?

#1 · குகைக்காரன் · ஞாயிறு இரவு 9:40

வணக்கம். கருப்பூர்ப் பக்கம் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறேன், வீடு குகையில். வெள்ளிக்கிழமை இரவு, பிட்காயின் நோடு ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோர் இறக்கி, அண்ணனின் பழைய லேப்டாப்பில் ஓடவிட்டேன். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், சுழலும் பழைய வகை. முதலில் சிட்டாகப் பறந்தது. 2009, 2010, 2011 ஆண்டுப் பதிவுகள் எல்லாம் கண் முன்னாலேயே ஓடின. 2015 தாண்டியதும் நொண்ட ஆரம்பித்தது. இப்போது 2016இல் நிற்கிறது, 9 சதவீதம் என்கிறது.

நேற்று மதியம் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. திரும்பப் போட்டால், விட்ட இடத்துக்கு வெகு தூரம் பின்னால் போய்த் தொடங்குகிறது. இரவெல்லாம் என்ன ஓடுகிறது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று அம்மா கேட்கிறார்.

500 ஜிபி போதுமா? ஒரு சின்னத் தொகையை யாருக்காவது அனுப்பிப் பார்க்க வேண்டும், கையில் காசு போடாமல் முடியுமா? நோடு ஓடவிட்டால் மாதாமாதம் பணம் வரும் என்று நண்பன் சத்தியம் செய்கிறான். உண்மையா?

#2 · ஏற்காடு_மிளகு · ஞாயிறு இரவு 10:25

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், தம்பி: வராது. பிட்காயினின் மிகச் சின்னத் துணுக்கான சடோஷி ஒன்றுகூட வராது. பணம் வருவது மைனருக்கு. புதுப் பிளாக், அதாவது டிரான்சாக்ஷன்களின் புதுக் கட்டு, கண்டுபிடித்தவருக்குப் புது நாணயமும், அந்தப் பிளாக்கில் ஏறிய டிரான்சாக்ஷன்களின் கட்டணமும் போகும். நோடு செய்வது கணக்குப்பிள்ளை வேலை. வருகிற ஒவ்வொரு பிளாக்கையும் விதிப்படி இருக்கிறதா என்று தானே பார்த்து, சரியென்றால் மற்றவர்களுக்கும் கடத்தும். சம்பளம் இல்லாத கணக்குப்பிள்ளை.

500 ஜிபி போதாது. பிளாக்குகள் கோத்த முழுச் சங்கிலி 600 ஜிபியை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் ப்ரூன் என்று ஒரு வசதி உண்டு. சரிபார்த்து முடித்த பழைய பிளாக்குகளைத் தானே அழித்துக்கொண்டு போகும். 550 எம்பி வரை குறைக்கலாம். நீங்கள் 20 ஜிபி என்று வையுங்கள். அதற்கு மேல் ‘செயின்ஸ்டேட்’ என்கிற, யார் கையில் எவ்வளவு இன்னும் செலவாகாமல் இருக்கிறது என்ற பட்டியலுக்கு 10 ஜிபிக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ப்ரூன் மிச்சப்படுத்துவது டிஸ்க்கைத்தான், டேட்டாவை அல்ல. அந்த 600 சொச்சம் ஜிபியையும் ஒருமுறை இறக்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வண்டி நொண்டுவதற்குக் காரணம் ரேமைவிட ஹார்ட் டிஸ்க். அந்தச் செயின்ஸ்டேட்டில் ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேட வேண்டும். சுழலும் டிஸ்க் அதற்கு லாயக்கில்லை. 2011 வரை பறந்தது ஏனென்றால் அப்போது பிளாக்குகள் பெரும்பாலும் காலியாக இருந்தன.

என் கதை வேறு. எங்கள் தோட்டத்து வீட்டுக்கு அப்போது மொபைல் ஹாட்ஸ்பாட்தான். 600 ஜிபியை அதில் இறக்கினால் பேரன் காலத்தில்தான் முடியும். அதனால் அஸ்தம்பட்டியில் மச்சான் வீட்டு ஃபைபரில் ஒரு வாரம் ஓடவிட்டு, ஒழுங்காக நிறுத்தி, எஸ்எஸ்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன். பக்கத்து இருக்கை அம்மா என்ன டப்பா என்று கேட்டார். 2009இலிருந்து இன்று வரையிலான கணக்கு நோட்டு என்றேன். நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

#3 · செவ்வாய்ப்பேட்டை_கொலுசு · ஞாயிறு இரவு 11:02

எங்கள் தெருவில் ‘நோடு வாங்குங்கள், தினமும் வருமானம்’ என்று ஒருவர் ஹோட்டலில் கூட்டம் போட்டார். டை கட்டிக்கொண்டு வந்தார். பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் கொடுத்தார்கள். மூன்று மாதம் திரையில் எண் ஏறியது. எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. இப்போது அந்த போனும் இல்லை, டையும் இல்லை.

தம்பியின் நண்பனும் அந்த மாதிரி எங்கேயோ கேட்டிருப்பான். காசு கேட்காமல் இலவசமாக இறக்கும் மென்பொருளுக்கு எவன் உரிமம் விற்கிறானோ, அவனிடமிருந்து பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

#4 · ஐந்துரோடு · திங்கள் காலை 7:15

மெயின்நெட்டை, அதாவது உண்மையான பிட்காயின் வலையை, இப்போதைக்கு நிறுத்துங்கள். டிரான்சாக்ஷன் அனுப்பக் கற்க அது தேவையே இல்லை.

ரெக்டெஸ்ட் என்று ஒரு முறை அதே மென்பொருளுக்குள் இருக்கிறது. உங்கள் கணினிக்குள் மட்டும் வாழும் சங்கிலி. இறக்க எதுவும் இல்லை, இன்டர்நெட் வேண்டாம், நினைத்த நேரத்தில் பிளாக் உருவாக்கலாம். அந்த 4 ஜிபி லேப்டாப்புக்கு அதுவே அதிகம்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோடாக ஓடும் நிரலான ‘பிட்காயின்டி’யை ரெக்டெஸ்ட் முறையில் தொடங்குங்கள். இன்னொரு டெர்மினலில், அதற்குக் கட்டளை கொடுக்கும் ‘பிட்காயின்-சிஎல்ஐ’ வழியாக, அதிலும் ரெக்டெஸ்ட் என்று சொல்லி, ‘கிரியேட்வாலட்’ கொடுத்து இரண்டு வாலட் உருவாக்குங்கள். ஒன்று நீங்கள், மற்றது அண்ணன். புதிய பதிப்புகள் தாமாக வாலட் உருவாக்காது. பிறகு உங்கள் வாலட்டில் ‘கெட்நியூஅட்ரஸ்’. வருகிற முகவரி பிசிஆர்டி1 என்று தொடங்கினால் சரியான சங்கிலியில் இருக்கிறீர்கள். மெயின்நெட் என்றால் பிசி1 என்று தொடங்கும்.

அந்த முகவரிக்கு ‘ஜெனரேட்டுஅட்ரஸ்’ மூலம் பிளாக் உருவாக்குங்கள். எத்தனை என்று நான் சொல்லவில்லை. ஒன்று போட்டுப் பாருங்கள், இருப்பைப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

#5 · குகைக்காரன் · திங்கள் மாலை 6:30

அக்கா, ஒன்று போட்டேன். இருப்பு 0. இன்னொன்று, அப்புறம் பத்து. அப்போதும் 0. மொத்தம் 550 காயின் வந்திருக்க வேண்டாமா?

(ப்ரொஃபைலில் பார்த்துத்தான் அக்கா என்றேன், தவறென்றால் சொல்லுங்கள்.)

#6 · ஐந்துரோடு · திங்கள் மாலை 6:48

அக்காவே சரி.

550க்கு உங்கள் கூட்டல் தவறு, ஒன்று, இன்னொன்று, பத்து என்றால் பன்னிரண்டு பிளாக், 600. ‘கெட்பேலன்சஸ்’ என்று பன்மையில் கேளுங்கள், ‘இம்மெச்சூர்’ என்ற வரியில் 600 இருக்கும். மைனிங்கில் கிடைத்த நாணயம் 100 பிளாக் மேலே அடுக்கப்படும் வரை செலவழிக்க முடியாது. சங்கிலியின் நுனியில் இரண்டு பிளாக் போட்டிபோட்டு ஒன்று தோற்றால், தோற்ற பிளாக்கின் பரிசும் மறைந்துவிடும். அந்த நாணயத்தை அதற்குள் நாலு பேருக்குக் கொடுத்திருந்தால் நாலு பேர் கணக்கும் கெடும். அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

அந்த டைரக்டரியை அழித்துவிட்டு முதலிலிருந்து, சரியாக 101 பிளாக் போடுங்கள். இருப்பு 50 என்று வரும். ரெக்டெஸ்டில் எதையும் அழிக்கலாம் என்பதுதான் அதன் அழகு.

#7 · குகைக்காரன் · திங்கள் இரவு 8:10

50 வந்துவிட்டது! அண்ணன் வாலட்டுக்கு 10 அனுப்ப ‘சென்ட்டுஅட்ரஸ்’ கொடுத்தேன். கட்டணத்தை மதிப்பிட முடியவில்லை, ஃபால்பேக்ஃபீ அணைக்கப்பட்டிருக்கிறது என்று திட்டுகிறது.

#8 · ஏற்காடு_மிளகு · திங்கள் இரவு 8:31

இந்த இடத்தில் விழாதவர் யாருமில்லை. மென்பொருள், சமீபத்திய பிளாக்குகளில் என்ன கட்டணம் கொடுத்தால் ஏறியது என்று பார்த்துத்தான் மதிப்பிடும். உங்கள் சங்கிலியில் உங்களைத் தவிர ஆளே இல்லை. சந்தையே கூடாத ஊரில் விலை கேட்டால் அது என்ன சொல்லும்? கான்ஃபிக் கோப்பில், மதிப்பிட முடியாதபோது வைக்கும் கட்டணமாக ஃபால்பேக்ஃபீ = 0.0002 என்று எழுதி, நோடை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாலட்டை மீண்டும் ‘லோடு’ செய்ய வேண்டியிருக்கும்.

#9 · குகைக்காரன் · திங்கள் இரவு 9:05

போய்விட்டது. நீளமான ஓர் ஐடி வந்தது. ஆனால் அண்ணன் வாலட்டில் 0 கன்ஃபர்மேஷன். அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

#10 · ஐந்துரோடு · திங்கள் இரவு 9:07

அரை வருடம் உட்கார்ந்தாலும் அப்படியேதான் இருக்கும். பிளாக்கில் ஏறினால்தான் கன்ஃபர்மேஷன். அந்தச் சங்கிலியில் மைனர் நீங்கள்தான். ஒரு பிளாக் போடுங்கள்.

#11 · குகைக்காரன் · திங்கள் இரவு 9:20

போட்டேன். அண்ணனுக்கு 10 சேர்ந்தது, 1 கன்ஃபர்மேஷன். ஆனால் என் இருப்பு 89.9999718! 50இலிருந்து 10 கொடுத்த பிறகு கூடியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

#12 · ஏற்காடு_மிளகு · திங்கள் இரவு 10:15

பயப்படாதீர்கள், கணக்கு அச்சாகச் சரி. பொறுமையாகப் பார்ப்போம்.

நீங்கள் செலவழித்தது முதல் பிளாக்கின் 50. அதில் 10 அண்ணனுக்கு. மீதி 40இல் கட்டணம் போக 39.9999718 உங்களுக்கே, புது முகவரியில், சில்லறையாகத் திரும்பியது. கட்டணம் 0.0000282, அதாவது 2820 சடோஷி. ஒரு பிட்காயினுக்கு 10 கோடி சடோஷி. உங்கள் டிரான்சாக்ஷனின் அளவு 141 விபைட் (கட்டணம் கணக்கிட எடுக்கும் அளவு அலகு). ஃபால்பேக்ஃபீ 0.0002 என்பது 1000 விபைட்டுக்கு, அதாவது ஒரு விபைட்டுக்கு 20 சடோஷி. 141 × 20 = 2820. சரியா?

அடுத்து 102ஆவது பிளாக்கை உங்கள் முகவரிக்கே போட்டீர்கள். இப்போது இரண்டாவது பிளாக்கின் 50 முதிர்ந்துவிட்டது. 39.9999718 + 50. அதுதான் நீங்கள் பார்ப்பது.

அந்த 2820 சடோஷி எங்கே போனது என்று தேடுங்கள். 102ஆவது பிளாக்கின் பரிசு 50 அல்ல, 50.0000282 என்று இருக்கும். கட்டணத்தைக் கொடுத்ததும் நீங்கள், வாங்கியதும் நீங்கள்.

#13 · செவ்வாய்ப்பேட்டை_கொலுசு · செவ்வாய் காலை 6:40

தூக்கம் வராமல் முழுவதும் படித்தேன். காயின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் இந்தச் ‘சில்லறை’ விஷயம் எங்கள் தொழில் மாதிரியே இருக்கிறது. கையில் 50 கிராம் கட்டி இருக்கிறது. ஒருவருக்கு 10 கிராம் கொடுக்க வேண்டும். கட்டியில் சுரண்டிக் கொடுக்க மாட்டோம். முழுக் கட்டியையும் உருக்கி, 10 கிராமுக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என்று இரண்டு புதுக் கட்டி வார்ப்போம். பழைய கட்டி இனி இல்லை. உருக்கும்போது போகிற சேதாரம்தான் உங்கள் கட்டணம். சரிதானா?

#14 · ஏற்காடு_மிளகு · செவ்வாய் காலை 7:30

அண்ணா, பத்து வருடமாக நான் ஆட்களுக்கு விளக்க முயன்றதை அரைப் பத்தியில் முடித்துவிட்டீர்கள். பழைய கட்டி முழுவதும் அழிகிறது, புதுக் கட்டிகள் பிறக்கின்றன. அந்தக் கட்டிக்குப் பெயர் யூடிஎக்ஸ்ஓ. நோடு வைத்திருக்கும் செயின்ஸ்டேட் என்பது உலகத்தில் இன்னும் உருக்கப்படாத கட்டிகளின் பட்டியல். ‘இருப்பு’ என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. உங்கள் கட்டிகளை வாலட் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவே.

சேதாரத்தில் மட்டும் ஒரு வித்தியாசம். உங்களுக்கு எடை கூடினால் சேதாரம் கூடும். இங்கே எடைக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை, எத்தனை கட்டியை உருக்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஒரு கட்டி உள்ளே, இரண்டு வெளியே என்றால் 141 விபைட். கூடுதலாக உருக்கும் ஒவ்வொரு கட்டிக்கும் 68 விபைட். பத்துச் சின்னக் கட்டியைச் சேர்த்து உருக்கினால் 753 வரும். விபைட்டுக்கு 5 சடோஷி என்றால், முதலாவதற்கு 705, இரண்டாவதற்கு 3765. அனுப்பும் தொகை நூறு ரூபாய் மதிப்பா, நூறு கோடியா என்று அது கேட்காது.

#15 · அம்மாபேட்டை_தறி · செவ்வாய் மதியம் 1:12

எதற்கு இந்த உருக்கல் வேலை? இன்னொரு பிளாக்செயினான எத்தீரியத்தில் பேங்க் பாஸ்புக் மாதிரி கணக்குக்கு ஓர் இருப்பு, கழித்துக் கூட்டினால் முடிந்தது. சாதாரண அனுப்புதலுக்கு எப்போதும் 21,000 கேஸ் (அங்கே கட்டணம் கணக்கிடும் அலகு). தம்பி அதில் தொடங்கலாம், செபோலியா என்ற சோதனை வலை (டெஸ்ட்நெட்) இருக்கிறதே.

#16 · ஐந்துரோடு · செவ்வாய் மதியம் 1:40

இருக்கிறது. ஆனால் 2022 செப்டம்பரில் நடந்த ‘மெர்ஜ்’ என்ற மாற்றத்துக்குப் பிறகு அங்கே ஒரு நோடுக்கு இரண்டு மென்பொருள் சேர்ந்து ஓட வேண்டும்: டிரான்சாக்ஷனை நிறைவேற்ற (எக்ஸிக்யூஷன்) ஒன்று, எந்தப் பிளாக் செல்லும் என்று ஒத்துக்கொள்ள (கன்சென்சஸ்) ஒன்று. மெயின்நெட்டுக்கு 2 டிபி எஸ்எஸ்டி கேட்பார்கள். செபோலியாவே அந்த லேப்டாப்பைப் படுக்கவைத்துவிடும். 32 ஈத்தர் டெபாசிட் வைத்து, பிளாக்குகளை ஒப்புக்கொள்ளும் வேலிடேட்டர் ஆனால் வருமானம் உண்டு, அதுவும் வெறும் நோடுக்கு இல்லை. தம்பியின் நண்பன் குழப்பிக்கொண்டது இதையாக இருக்கலாம்.

பாஸ்புக்கிலும் வம்பு உண்டு. ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் ‘நான்ஸ்’ என்று வரிசை எண். 7ஆம் எண் குறைந்த கட்டணத்தில் மாட்டிக்கொண்டால், 8, 9, 10 எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். நான் ஒருமுறை இரவெல்லாம் நின்றிருக்கிறேன்.

#17 · அம்மாபேட்டை_தறி · செவ்வாய் மதியம் 1:44

அது என்னவோ உண்மைதான். 😀

#18 · குகைக்காரன் · செவ்வாய் இரவு 9:30

ரெக்டெஸ்ட் பழகிவிட்டது. ஆனால் நானே அனுப்பி, நானே வாங்கி, நானே மைன் செய்து, தனியாகத் தாயம் ஆடுகிற மாதிரி இருக்கிறது. வேறு ஆளுக்கு அனுப்ப வழி?

இன்னொன்று: ஒருவர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார். நோடு சீக்கிரம் சிங்க் ஆக என் வாலட்டின் 12 சொற்களை அவர் தரும் பக்கத்தில் போட வேண்டுமாம்.

#19 · நிர்வாகி · செவ்வாய் இரவு 9:41

அந்தக் கணக்கு நீக்கப்பட்டது. சிங்க் ஆவதற்கும் (சங்கிலியை இறக்கி முடிப்பதற்கும்) வாலட்டின் சாவியான 12 சொற்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. யார் கேட்டாலும், நான் கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

#20 · ஐந்துரோடு · செவ்வாய் இரவு 9:55

சிரிப்பு என்னவென்றால், பிட்காயின் கோர் 12 சொற்களே தராது. அதில் ‘பேக்கப்வாலட்’ கொடுத்துக் கோப்பைத்தான் பிரதி எடுக்க வேண்டும், ‘என்கிரிப்ட்வாலட்’ கொடுத்துப் பூட்ட வேண்டும். இல்லாத சாவியைக் கேட்டிருக்கிறான்.

வேறு ஆளுக்கு அனுப்ப: சிக்நெட். உண்மையான இன்டர்நெட் வலை, உண்மையான மற்ற நோடுகள், மதிப்பில்லாத நாணயம். குறிப்பிட்ட சாவியால் கையெழுத்திட்டவர்தான் பிளாக் போட முடியும் என்பதால் ஒழுங்காக ஓடும். பழைய டெஸ்ட்நெட்டில் திடீரென்று பிளாக் மழை கொட்டும். மெயின்நெட்டோடு பார்த்தால் சிக்நெட் சங்கிலி சிறியது. முகவரி டிபி1 என்று தொடங்கும். ‘ஃபாசெட்’ பக்கங்களில் கொஞ்சம் நாணயம் இலவசமாகக் கிடைக்கும்.

ரூட்டரில் எதையும் திறக்காதீர்கள். நம் பக்கம் பல ஃபைபர் இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால் வெளியிலிருந்து யாரும் உங்களை நோக்கி வர முடியாது. பரவாயில்லை. உங்கள் நோடு தானே வெளியே போய் 10 பேரைப் பிடித்துக்கொள்ளும்; அனுப்பவும் சரிபார்க்கவும் அது போதும். நோடுக்குக் கட்டளை வரும் ஆர்பிசி போர்ட் மட்டும் 127.0.0.1ஐ, அதாவது உங்கள் கணினியை, தாண்டக் கூடாது. அது பணப்பெட்டியின் கைப்பிடி.

#21 · செவ்வாய்ப்பேட்டை_கொலுசு · புதன் காலை 6:55

இதெல்லாம் செய்தால் வருமான வரி வருமா? ஆடிட்டர் இந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கிறார்.

#22 · ஐந்துரோடு · புதன் காலை 8:20

நோடு ஓட்டுவதற்கு வரி இல்லை, வருமானமே இல்லையே. சோதனை நாணயத்துக்கும் கவலை வேண்டாம். உண்மையான நாணயத்தை விற்று லாபம் வந்தால் 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீதம், அதற்கு மேல் செஸ். நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். வங்கிகள் இந்தத் தொழிலுக்குச் சேவை தரக்கூடாது என்ற 2018 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. மீதியை ஆடிட்டரிடமே கேளுங்கள், முகத்தைச் சுளிக்கத்தான் அவருக்கு ஃபீஸ்.

#23 · குகைக்காரன் · வியாழன் இரவு 8:02

சிக்நெட் சிங்க் முடிந்தது. ஃபாசெட்டில் கொஞ்சம் வந்தது. ஏற்காடு அண்ணா, முகவரி கொடுங்கள், 0.001 அனுப்புகிறேன்.

#24 · ஏற்காடு_மிளகு · வியாழன் இரவு 8:15

தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். சோதனை முகவரிதான் என்றாலும் பொதுவில் போடாமல் இருக்கும் பழக்கம் நல்லது. ஒட்டிய பிறகு முதல் ஐந்து எழுத்தும் கடைசி ஐந்தும் ஒத்துப்பாருங்கள்.

#25 · குகைக்காரன் · வியாழன் இரவு 8:21

அனுப்பினேன்.

#26 · ஏற்காடு_மிளகு · வியாழன் இரவு 8:22

என் மெம்பூலில், அதாவது பிளாக்கில் ஏறக் காத்திருப்பவற்றின் வரிசையில், தெரிகிறது. 0 கன்ஃபர்மேஷன். இங்கே மழை, பனி, முன்னால் இருக்கும் சவுக்கு மரம்கூடத் தெரியவில்லை. உங்கள் டிரான்சாக்ஷன் மட்டும் தெரிகிறது.

#27 · குகைக்காரன் · வியாழன் இரவு 8:44

இன்னும் 0 தானே? 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றார்களே. கட்டணம் குறைவாக வைத்துவிட்டேனோ?

#28 · ஐந்துரோடு · வியாழன் இரவு 8:47

10 நிமிடம் சராசரி. டவுன் பஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், நேரத்துக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. மெயின்நெட்டில் ஏறக்குறைய ஏழுக்கு ஒருமுறை 20 நிமிடத்துக்கு மேல் நிற்க நேரும். உண்மையிலேயே கட்டணம் போதாமல் மாட்டினால் ‘பம்ப்ஃபீ’ கொடுத்து, அதே கட்டியைக் கூடுதல் கட்டணத்தோடு மறுபடி அனுப்பலாம். பழையது விலகிவிடும். இப்போது வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

#29 · ஏற்காடு_மிளகு · வியாழன் இரவு 8:53

ஏறிவிட்டது. 1 கன்ஃபர்மேஷன். பாதியை உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன். வேறு எந்த இணையப் பக்கத்தையும் பார்க்காமல், உங்கள் நோடிடமே கேட்டு, வந்ததா என்று சொல்லுங்கள்.

#30 · குகைக்காரன் · வியாழன் இரவு 9:10

வந்தது! அம்மாவிடம் காட்டினேன். இதை வைத்துத் தட்டுவடை செட் வாங்க முடியுமா என்றார். முடியாது என்றேன். அப்படியானால் லைட்டை அணைத்துவிட்டுப் படு என்றார்.

மெயின்நெட்டுக்குச் செகண்ட் ஹேண்ட் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று பார்த்திருக்கிறேன். ப்ரூன் 20 ஜிபி. கரண்ட் போனால்?

#31 · ஏற்காடு_மிளகு · வியாழன் இரவு 9:32

முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அதுதான் மலிவான யூபிஎஸ். ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். டிபிகேஷை (ரேமில் தற்காலிகமாக வைக்கும் அளவை) 4 ஜிபி மெஷினில் ரொம்ப ஏற்றாதீர்கள்: கேஷில் நிறைய வைத்திருக்கும்போது கரண்ட் போனால், டிஸ்க்கில் கடைசியாக எழுதிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அன்றைக்கு நீங்கள் பின்னால் போனது அதனால்தான். அணைக்கும்போது ‘ஸ்டாப்’ கொடுத்து, அது முடிந்துவிட்டது என்று சொல்லும் வரை காத்திருங்கள். ப்ரூன் நோடில் தரவுத்தளம் கெட்டால் மறுபடி அத்தனையையும் இறக்க வேண்டும். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

#32 · செவ்வாய்ப்பேட்டை_கொலுசு · ஞாயிறு இரவு 10:18

பட்டறைக் கணினியில் சும்மா ரெக்டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். காசு ஒரு பைசா போடவில்லை, அதைச் சொல்லிக்கொள்கிறேன். 101 போட்டேன், 50 வந்தது. வீட்டுக்காரம்மா பெயரில் ஒரு வாலட் உருவாக்கி 10 அனுப்பினேன், ஒரு பிளாக் போட்டேன். என் இருப்பு 89 சொச்சம் காட்டுகிறது. கட்டியை உருக்கினால் எடை கூடுமா? எங்கேயோ தப்பு.

#33 · குகைக்காரன் · ஞாயிறு இரவு 10:20

அண்ணா, தப்பில்லை. இரண்டாவது பிளாக்கின் 50 முதிர்ந்துவிட்டது. #12 பாருங்கள்.